முதல் குழந்தையின் பெயர்

எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, ராஜபாளையத்தில் வேலை. ஒரு நூல் மில்லின் ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே என்னை எல்லோரும் "சிஸ்டம் சார்" என்றுதான் கூப்பிடுவார்கள். பிரிண்டரில் தாள் சிக்கினாலும் நான்தான் போக வேண்டும், ஃபேன் சத்தம் போட்டாலும் நான்தான் போக வேண்டும். அதிலெல்லாம் எனக்குப் பெரிய எரிச்சல் கிடையாது. என் எரிச்சல் முழுக்கப் பாஸ்வேர்டு விஷயத்தில்தான்.

பஞ்சைக் கையில் எடுத்துப் பிய்த்துப் பார்த்தே தரம் சொல்லுகிற ஆட்கள் எங்கள் மில்லில் உண்டு. அவர்களிடம் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னால் பச்சைப்பிள்ளை ஆகிவிடுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரராக இருந்தால் ஆண்டாள், அதன் பின்னால் ஒன்று இரண்டு மூன்று. ராஜபாளையத்துக்காரராக இருந்தால் வீட்டு நாயின் பெயர். அந்த நாயை அவர்களே தினமும் சாயங்காலம் வாசலில் நின்று தெருமுனை வரை கேட்கும்படி கத்திக் கூப்பிடுவார்கள். அதற்குப் பேசாமல் மைக் செட் கட்டிப் பாஸ்வேர்டை அறிவித்துவிடலாம். எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஒருவர் காதிலும் ஏறவில்லை.

ஒரு சூப்பர்வைசரின் கணக்குக்குள் எவனோ புகுந்து, அவர் பெயரில் ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் அனுப்பிவிட்டான். அதில் ஒன்று சம்பந்தி அம்மாளுக்கும் போய்ச் சேர்ந்தது. மனுஷன் வெளியே தலைகாட்ட முடியாமல் கிடந்தார். அதன் பிறகு மில் முதலாளியே என்னைக் கூப்பிட்டு, "எல்லாருக்கும் ஒரு கிளாஸ் எடுங்க சார்" என்றார். எடுத்தேன். நீளமாக வையுங்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சொற்களைக் கோத்து வையுங்கள், ஒரே சாவியை எல்லாப் பூட்டுக்கும் போடாதீர்கள், சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டாதீர்கள், கட்டின மனைவியே கேட்டாலும் சொல்லாதீர்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். சூப்பர்வைசர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து போனில் நாயின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வகுப்பில் நான் தொண்டை வறளச் சொன்னது ஒன்று உண்டு. பாஸ்வேர்டு மறந்துபோனால் சில தளங்கள் ஒரு கேள்வி கேட்கும். உங்கள் தாயார் பிறந்த ஊர் எது, நீங்கள் படித்த முதல் பள்ளி எது, இப்படி. அந்தப் பதில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று அந்தக் கேள்வியை எழுதினவன் நினைத்திருக்கிறான். அவன் எங்கள் பக்கம் வந்து ஒருநாள் பஸ்ஸில் போயிருக்க வேண்டும். பக்கத்தில் உட்காருகிற ஆள் டிக்கெட் வாங்குவதற்குள் நீங்க எந்த ஊரு, யாரு மகன், அம்மா பிறந்த இடம் எது, பிள்ளைகள் எத்தனை, என்ன படிக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் கறந்துவிடுவார். வன்னியம்பட்டி விலக்கில் ஏறினவருக்கு ராஜபாளையம் வருவதற்குள் உங்கள் குடும்பம் முழுக்க அத்துபடி. இப்படிப்பட்ட ஊரில் உண்மையான பதில் எதுவும் ரகசியம் இல்லை. அதனால் கேள்விக்கு உண்மையைச் சொல்லாதீர்கள், உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு பொய்யைச் சொல்லுங்கள் என்றேன். பொய் சொல்லச் சொல்லி வகுப்பெடுத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்தாலும் எனக்கு இதே பேச்சுதான். என் மனைவி மம்சாபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். சின்ன வகுப்புகளுக்குத் தமிழ் எடுப்பாள். நான் சாப்பிட உட்கார்ந்து பாஸ்வேர்டு புராணத்தை ஆரம்பித்தால், "ரசம் ஊத்தவா, இல்ல அதுக்கும் ஒரு பாஸ்வேர்டு இருக்கா?" என்பாள். அவளுக்கு என்னைக் கேலி செய்வதில் அலுப்பே கிடையாது.

கொரோனா வந்து பள்ளிக்கூடங்களை மூடியபோது அவள் பாடங்களைப் போனில் பேசிப் பதிவுசெய்து பெற்றோர்களுக்கு அனுப்ப ஆரம்பித்தாள். வீட்டுக்கு ஒரு போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார், சாயங்காலம் வந்த பிறகுதான் பிள்ளைகள் கேட்க முடியும். அதற்குள் போனில் இடம் போதாமல் பழைய பாடங்கள் அழிந்துவிடுகின்றன என்று பெற்றோர்கள் சொன்னார்கள். எல்லாப் பாடத்தையும் ஒரே இடத்தில் போட்டு வைக்க ஒரு தளத்தில் கணக்கு ஆரம்பிக்கிறேன் என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சமையல்கட்டு வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் நின்று நீளமாக வை, சம்பந்தமில்லாத சொல்லாக வை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் போனைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

"அங்கிட்டுத் திரும்புங்க."

"எங்கிட்டயுமா மறைக்கே?"

"நீங்கதான சொன்னிய, கட்டினவ கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு? அப்ப கட்டினவனுக்கு மட்டும் என்ன தனிச் சட்டமா?"

நான் சிரித்துக்கொண்டே திரும்பி நின்றேன். செத்த நேரம் கழித்து, "கேள்வி ஒண்ணு கேக்குது. இருக்கிறதுல ஒண்ணத் தேர்ந்தெடுக்கச் சொல்லுது. இதுக்குப் பொய்தான சொல்லணும்?" என்று கேட்டாள்.

"ஆமா. ஒனக்கு மட்டும் தெரிஞ்சதா இருக்கணும். ஒரு நாளும் மறக்காததா இருக்கணும்."

திரும்பிப் பார்த்தேன். போனை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். நெட் மெதுவாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு, தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டேன்.

போன ஆடிக்கு முந்தின ஆடியில் அவள் போய்விட்டாள். ரத்தத்தில் நோய் என்றார்கள். மதுரைக்கும் வீட்டுக்குமாகச் சில மாதம் அலைந்தோம். கடைசி வாரங்களில் வாயெல்லாம் புண்ணாகிப் பேச முடியாமல் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

அவளுடைய போனை பீரோவில் சேலைகளுக்கு நடுவில் வைத்துவிட்டேன். இறந்துபோனவளின் நம்பருக்கு ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? வெகுநாள் கழித்து எடுத்துப் பார்த்தால் பேட்டரி ஊதி, பின்பக்க மூடி பிளந்துகொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து மொபைல் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "போர்டே போயிருச்சு சார். இதுல ஒண்ணும் எடுக்க முடியாது" என்றார். அவள் நம்பரும் அதற்குள் வேறு யாருக்கோ போயிருந்தது. ஒருநாள் கை தவறியோ தவறாமலோ அந்த நம்பரை அழுத்திவிட்டேன். யாரோ ஓர் ஆண் குரல், "யாரு வேணும்?" என்றது. வைத்துவிட்டேன்.

இந்த வருஷம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அவள் அந்தக் கணக்கில் அவசரத் தொடர்புக்கு என் முகவரியைக் கொடுத்திருந்தாள் போலிருக்கிறது. நீண்ட நாளாக யாரும் திறக்காத கணக்கு இது, இந்த மாதக் கடைசிக்குள் திறக்காவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அழிக்கப்படும் என்று எழுதியிருந்தது. நான் அதை ஆபீசில்தான் படித்தேன். படித்துவிட்டு எழுந்து வெளியே போய், சைக்கிள் ஸ்டாண்டில் நின்றேன். அந்தக் கணக்கில் அவளுடைய குரல் இருந்தது.

வேறு எங்கேயும் அவள் குரல் கிடையாது. ஒரே வீட்டில் இருக்கிற புருஷனும் பெண்டாட்டியும் குரல் பதிவுசெய்தா அனுப்பிக்கொள்வார்கள்? கல்யாண வீடியோவில் அவள் வாயே திறக்கவில்லை. திறந்திருந்தாலும் கேட்டிருக்காது, வீடியோக்காரர் முழுக்கச் சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பிவிட்டார். மம்சாபுரத்தில் அவளிடம் படித்த பிள்ளைகளின் வீடுகளில் போய் விசாரித்தேன். "டீச்சர் அனுப்புனது எல்லாம் இருந்துச்சு சார். எடம் பத்தலைன்னு அழிச்சுட்டோம்" என்றார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்துக்கெல்லாம் இடம் வேண்டாமா? குறை சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு அவள் சொன்ன சொற்கள் எல்லாம் ஞாபகத்தில் இருக்கின்றன. ஆனால் சத்தம் மங்கிக்கொண்டே வந்தது. அவள் "ஏங்க" என்று கூப்பிடுவதை மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன், அது என் குரலிலேயே கேட்கும். அது எனக்குத் தாங்கவில்லை. ஒருத்தி இருந்ததற்கான அடையாளத்தில் குரல்தான் முதலில் போகும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்தக் கணக்கைத் திறந்தே ஆக வேண்டும் என்று இருந்தேன்.

பாஸ்வேர்டாக எனக்குத் தோன்றியதையெல்லாம் போட்டுப் பார்த்தேன். அவள் பள்ளிக்கூடம், அவள் பிறந்த தெரு, எங்கள் கல்யாண நாள், அவளுக்குப் பிடித்த பலகாரம். ஒன்றும் நடக்கவில்லை. எங்கேயாவது எழுதி வைத்திருப்பாளா என்று தேடக்கூட இல்லை, எழுத மாட்டாள் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் பாடம் எடுத்திருக்கிறேன். அதை ஒழுங்காகப் படித்த ஒரே ஆள் என் வீட்டில்தான் இருந்திருக்கிறாள்.

பாஸ்வேர்டு மறந்துவிட்டதா என்று கேட்டது. என் முகவரிக்குத் தகவல் மட்டும்தான் வருமாம், ஆமாம் என்று அழுத்தினால் அவளுடைய பழைய நம்பருக்குத்தான் ஓடிபி அனுப்புகிறேன் என்றது. வெட்கத்தை விட்டு அந்த நம்பருக்குப் போன் செய்தேன். அதே ஆண் குரல். "தம்பி, இது முன்னால என் மனைவியோட நம்பர். இப்ப ஒங்களுக்கு ஒரு ஓடிபி வரும்..." என்று ஆரம்பித்ததுமே அந்த ஆள் கொதித்துவிட்டார். "ஓடிபி கேக்கியா? ஒன்ன மாதிரி எத்தன பேரப் பாத்திருக்கேன். செத்துப்போன பொண்டாட்டின்னு கத வேற கட்டுத. போலீசுக்குப் போயிருவேன், பாத்துக்கோ" என்று வைத்துவிட்டார். அவள் செத்துப்போனதாக நான் சொல்லவே இல்லை. அவரே கண்டுபிடித்துவிட்டார். அவர் செய்ததுதான் சரி, என் வகுப்பில் இருந்திருந்தால் அவருக்குத்தான் முதல் மார்க். ஆனாலும் அன்றைக்கு முழுக்க எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது.

மிச்சம் இருந்தது ரகசியக் கேள்வி ஒன்றுதான். வேறு வழியில் முயல்கிறேன் என்று அழுத்தினேன். திரையில் வந்தது: உங்கள் முதல் குழந்தையின் பெயர் என்ன?

எங்களுக்குக் குழந்தை கிடையாது. முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. நல்ல மூளை என்று நினைத்தேன். இல்லாத குழந்தையின் பெயரை எவனால் கண்டுபிடிக்க முடியும்? ஊரில் எல்லோரையும் கேட்டாலும் கிடைக்காது. நான் சொன்ன பொய்யை இதைவிடச் சுத்தமாக யாரும் சொல்லியிருக்க முடியாது. இப்படி மெச்சிக்கொண்டே சில விநாடி உட்கார்ந்திருந்தேன். பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

இல்லாத குழந்தை என்பது ஊருக்கு. எங்களுக்கு ஒன்று பிறந்தது.

கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து அவள் உண்டாகியிருந்தாள். வளைகாப்பு முடிந்து, போட்ட கண்ணாடி வளையல் கையில் இருக்கும்போதே வலி வந்துவிட்டது. குழந்தை அழாமல் பிறந்தது. பெண். பேர் வைக்காத பிள்ளைக்குக் காரியம் கிடையாது, தாய் முகம் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். வெள்ளைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். நானும் என் அண்ணனும் கொண்டுபோனோம். திரும்பி வந்ததும் குளிக்கச் சொன்னார்கள், குளித்தேன். அவ்வளவுதான். பதினாறாம் நாளும் இல்லை, படையலும் இல்லை, படமும் இல்லை. அவள் அந்த வளையல்களைக் கழற்ற மாட்டேன் என்றுவிட்டாள். பாத்திரம் தேய்க்கும்போதும் துணி துவைக்கும்போதும் ஒவ்வொன்றாக உடைந்து, தானாகத் தீர்ந்தது.

அதற்கப்புறம் ஒன்றும் தங்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை, நாங்கள் இரண்டு பேரும்கூட எடுத்ததில்லை. பேசினால் அவள் அழுவாள் என்று நான் பேசவில்லை. நான் வருத்தப்படுவேன் என்று அவள் பேசவில்லையோ என்னவோ. பஸ்ஸில் யாராவது "பிள்ளைக எத்தன?" என்று கேட்டால், "இல்ல" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவள் மறந்துவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பெயர் வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாமல், யாருக்கும் தெரியாமல் வைத்திருக்கிறாள். அதை அன்றைக்கு அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, நான் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்கப் போன நேரத்தில் எழுதியிருக்கிறாள்.

எங்கள் வழக்கப்படி பெண் பிறந்தால் அப்பாவைப் பெற்றவளின் பெயர்தான். அதைப் போட்டேன், தவறு என்றது. அவளுடைய அம்மா பெயரைப் போட்டேன், தவறு. அவள் உண்டாகியிருந்தபோது ஆசைப்பட்டு ஒரு பெயர் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டே எழுத்து, கூப்பிட லேசாக இருக்கும் என்பாள். அதுதான் என்று நிச்சயமாக நினைத்துப் போட்டேன். அதுவும் தவறு. இத்தனை தடவை தவறினால் நாளைக்குத்தான் முயல முடியும் என்று பூட்டிக்கொண்டது. "இருக்கிற கேள்வியில இதுதானா கெடச்சுது ஒனக்கு?" என்று காலியாகக் கிடந்த சமையல்கட்டைப் பார்த்துக் கத்தினேன். மறுநாள் இன்னும் சில சாமி பெயர்களைப் போட்டு, மறுபடியும் பூட்ட வைத்தேன். மாதம் முடிந்துகொண்டே வந்தது.

ராஜபாளையத்தில் அவளுடைய தங்கை இருக்கிறாள். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். அக்காவும் தங்கையும் கோயிலுக்கு, கடைக்கு எல்லாம் ஒரே ஸ்கூட்டரில்தான் போவார்கள். அக்காளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. மில் விட்டதும் ஒருநாள் அங்கே போனேன். காபி போட்டுக் கொடுத்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். "அக்கா எப்பமாச்சும் அந்தப் பிள்ளையப் பத்திப் பேசியிருக்காளா? ஏதாச்சும் பேரு சொல்லியிருக்காளா?"

அவள் மிஷினில் கிடந்த துணியை மடித்தாள். பிறகு விரித்து, மறுபடியும் மடித்தாள். "ஒருநாளும் இல்ல அத்தான். நானே ஒருவாட்டி வாயத் தெறந்தேன். வேண்டாம்ட்டின்னுட்டா. பொறவு நான் எங்க கேக்க?"

"ஒண்ணுமே சொன்னதில்லையா?"

"இல்ல அத்தான். அவ எதத்தான் சொல்லுவா? வண்டியில போகும்போதுகூடப் பேச மாட்டா. லாரி எதுவும் முன்னால போச்சுன்னா மட்டும் முந்த விட மாட்டா. 'செத்த நேரம் பின்னாலயே போட்டி'ம்பா. பொகையெல்லாம் மூஞ்சில அடிக்கும், எனக்குன்னா எரிச்சலா வரும். எதுக்குக்கான்னு கேட்டா, 'பேரு வாசிக்கேன்'ம்பா. டீச்சர் புத்தி, எதையாச்சும் வாசிச்சுக்கிட்டே இருக்கணும் போலன்னு நெனச்சுக்குவேன். எம்புட்டு லாரி பின்னால போயிருக்கோம்ங்கிய!"

காபி டம்ளர் என் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

அவள் உண்டாகியிருந்தபோது ஆஸ்பத்திரிக்குக் காட்டுவதற்காக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு லாரி நின்றது. லாரி வைத்திருப்பவர்கள் பின்பக்கம் தங்கள் பிள்ளைகளின் பெயர்களை எழுதி வைப்பார்கள் அல்லவா, அதில் பூப்போட்டு வரிசையாகச் சில பெயர்கள் இருந்தன. சும்மா இருக்க முடியாமல் அதில் ஒன்றைப் படித்து, "இது நல்லாருக்கே, நம்ம பிள்ளைக்கு இதையே வச்சிருவோம்" என்றேன்.

"லாரிப் பேரையா எம் பிள்ளைக்கு வைப்பிய?" என்றாள். "பையனாப் பொறந்தா என்ன செய்வியளாம்? 'ஒலி எழுப்புக'ன்னு வைப்பியளோ?"

சொல்லிவிட்டு அவளே சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கேட் திறந்து பஸ் கிளம்பிய பிறகும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அதற்கப்புறம் அவளைச் சீண்ட வேண்டும் என்றால் நான் அந்தப் பெயரைத்தான் சொல்வேன். அவள் வயிற்றைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். "போங்க அங்கிட்டு, லாரி" என்பாள். எனக்கு அது விளையாட்டு. பிள்ளை போன பிறகு அந்தப் பெயர் என் ஞாபகத்திலிருந்தே போய்விட்டது.

கொழுந்தியாளின் தையல் மிஷின் மேலேயே டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். "என்ன அத்தான், காப்பியக்கூடக் குடிக்காமப் போறிய?" என்று வாசல் வரை வந்தாள். தெருவில் யாரோ ஒருவர் தன் நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அதைக் கேட்டு எனக்கு எரிச்சல் வரவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் குளித்துவிட்டு, அவள் உட்கார்ந்த அதே ஸ்டூலைச் சமையல்கட்டு வாசலில் போட்டு உட்கார்ந்தேன். தவறாகிவிடுமோ என்று பயமாக இருந்தது. சரியாகிவிடுமோ என்றும் பயமாக இருந்தது. அந்தப் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். அதை நான் இதற்கு முன்னால் எழுதினதே இல்லை, வாயால் சொன்னதோடு சரி. அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அழுத்தினேன்.

புதிய பாஸ்வேர்டைத் தேர்ந்தெடுக்கவும் என்று வந்தது.

நான் அழுதேன். அவள் செத்த அன்றைக்குக்கூட வந்து போகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நின்றவன், அந்த ஸ்டூலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவள் ஆசைப்பட்ட பெயரை விட்டுவிட்டு, கேலி செய்து தள்ளின பெயரை, நான் வைத்த பெயரை எடுத்துத் தன் பிள்ளைக்கு வைத்திருக்கிறாள். அந்தப் பிள்ளையை வயிற்றில் இருக்கும்போதே நான் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன், அதை யாராவது கூப்பிட்ட பெயர் என்றால் அது ஒன்றுதான். அவளுக்கு அது தெரிந்திருக்கிறது. நாங்கள் பிள்ளையில்லாதவர்கள் என்று நான் நினைத்துக்கொண்டு வாழ்ந்த அதே வீட்டில், அவள் ஒரு பெண்ணுக்கு அம்மாவாக இருந்திருக்கிறாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் அத்தனை வருஷம் அந்தப் பெயர் இருந்திருக்கிறது, நான் ஒரு தடவை சொல்லியிருந்தால் அவளும் சொல்லியிருப்பாள்.

பாடங்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. முதலில் கைக்கு வந்ததைப் போட்டேன். "பிள்ளைகளா, எல்லாரும் புத்தகத்த எடுத்தாச்சா?" என்றாள். அவள்தான். லேசாக மூக்கடைத்த மாதிரி பேசுவாள், அதை நான் மறந்தே போயிருந்தேன். பாதிப் பாடத்தில் குக்கர் விசில் அடிக்கிறது. "ஏங்க, அந்த அடுப்ப அணைங்க" என்கிறாள். தூரத்தில் என் குரல், "வாரேன், வாரேன்" என்கிறது. அவள் செல்லமாக ஒரு அலுப்புச் சத்தம் போட்டுவிட்டுப் பாடத்தைத் தொடர்கிறாள். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். இப்போதும் சமைக்கும்போது போட்டுக்கொள்கிறேன்.

எல்லாவற்றையும் வேறு இடத்திலும் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டேன். பாஸ்வேர்டை மாற்றினேன். கடைசியில், உங்கள் ரகசியக் கேள்வியையும் பதிலையும் மாற்ற விரும்புகிறீர்களா என்று அந்தத் தளம் கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன்.

இப்போது மில்லுக்குப் போகும்போது பஸ்ஸில் முன் சீட்டாகப் பார்த்து உட்காருகிறேன். முன்னால் லாரி போனால் பின்பக்கத்தைப் படிக்கிறேன். அந்தப் பெயர் அபூர்வமான பெயர் ஒன்றும் இல்லை, எப்போதாவது கண்ணில் படுகிறது. அது படுகிற நாளில் எனக்கு வேலை ஓடாது.

போன வாரம் பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். வன்னியம்பட்டி விலக்கில் ஏறினார். டிக்கெட் வாங்கினதும் வழக்கம்போல ஆரம்பித்துவிட்டார். எந்த ஊரு, என்ன வேலை, யாரு வீடு. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"பிள்ளைக எத்தன?" என்றார்.

இத்தனை வருஷமாகச் சொன்ன பதில் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"ஒரு மக."

"ஒண்ணே ஒண்ணா? நல்லது, நல்லது. பேரு என்ன?"

உண்மையான பதிலைச் சொல்லக் கூடாது என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்தவன் நான்.

"ஆண்டாள்" என்றேன்.

அவருக்குப் பரம திருப்தி. "நம்ம ஊருக்கு ஏத்த பேரு" என்று தலையாட்டினார். அதோடு விடுகிற ஆளா அவர்? "மக இப்ப எங்க இருக்கா?" என்று கேட்டார்.

"அவ அம்மாகூட இருக்கா" என்றேன்.